கொரியாவில் ஒத்திப் பணம் எப்படிக் காணாமல் போகிறது

மதியம் 2 மணிக்கு மீதிப் பணம் முழுவதும் வீட்டுக்காரர் கணக்குக்குப் போய்ச் சேர்கிறது. 3 மணிக்கு அந்தப் பகுதி அரசு அலுவலகத்தில் முகவரி மாற்றம் பதிவாகிறது. 600 வொன் கட்டியதும் ஒப்பந்தத்தின் மேல் தேதி முத்திரை விழுகிறது. குடிவரும் நாளில் குடித்தனக்காரரிடம் சட்டம் கேட்பது இவ்வளவுதான், அவர் ஒன்றையும் விடாமல் செய்துவிட்டார். அதே நாள் 4 மணிக்கு வீட்டுக்காரர் அந்த வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குகிறார். பிறகு வீடு ஏலத்துக்குப் போனால் பணம் முதலில் யாருக்கு? கடன் கொடுத்தவருக்கு. அடமானம் பதிவான அன்றே செல்லுபடியாகிவிடும். குடித்தனக்காரரின் உரிமையோ மறுநாள் 0 மணிக்குத்தான் பிறக்கும். அந்த எட்டு மணி நேர இடைவெளியில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு மொத்தமும் வரிசையில் பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது.

2022 கடைசியிலிருந்து கொரிய அரசியலையும் வீட்டுப் பேச்சையும் உலுக்கிவரும் 'ஜொன்செ' என்ற கொரிய ஒத்தி மோசடி விவகாரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: ஒப்பந்தத்தைப் பார்த்துப் போட்டிருக்க வேண்டாமா? மேலே சொன்ன குடித்தனக்காரர் பார்த்துத்தான் போட்டார். அவர் பார்த்த நேரத்தில் வில்லங்கம் எதுவும் இல்லை. மோசடி எப்படிக் கட்டப்பட்டது என்று துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் பாதிக்கப்பட்டவர்களை எளிதாகக் குறை சொல்கிறார்கள். ஆகவே பிரித்தே பார்த்துவிடலாம்.

ஜொன்செ என்றால் என்ன என்று நமக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மதுரைப் பக்கம் ஒத்தி என்கிறோம், சென்னையில் போக்கியம் அல்லது லீஸ். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்து, காலம் முடிந்ததும் அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. கொரியாவில் இது நாடு முழுவதும் வேரூன்றிய வழக்கம். ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு வருடம். தொகை வீட்டு விலையில் பாதியில் தொடங்கி 80 சதவீதம் வரைக்கும், சில இடங்களில் அதற்கும் மேலும் போகும். நம் ஊர் ஒத்தியிலிருந்து பெரிய வித்தியாசம், இந்தப் பணத்தை வங்கியே கடனாகக் கொடுப்பது. தொகையில் 80 சதவீதம் வரை ஜொன்செ கடன் கிடைக்கும். அந்தக் கடனுக்கு அரசு சார்ந்த நிறுவனங்கள் உத்தரவாதம் கொடுக்கும். அதனால் வங்கிக்கு வீட்டைப் பற்றிக் கவலைப்பட அதிகக் காரணம் இல்லை. 20 கோடி வொன் ஜொன்செ என்றால், அதாவது ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ரூபாய், 16 கோடி வங்கியுடையதாகவும் 4 கோடி அந்த இளைஞர் கல்லூரி முடித்த நாளிலிருந்து சேர்த்ததாகவும் இருக்கலாம். மோசடி நடந்தால் 4 கோடி போய்விடும், 16 கோடிக் கடன் அவர் தலையில் அப்படியே நிற்கும்.

வீட்டுக்காரர் அந்தத் தொகையை பெட்டியில் வைத்திருப்பதில்லை. இன்னொரு வீடு வாங்கவோ, அதே வீட்டை வாங்கவோ போட்டுவிடுகிறார். வீட்டு விலைக்கும் ஜொன்செ தொகைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் கையிலிருந்து போட்டு வீடு வாங்குவதற்கு அங்கே 'கேப் முதலீடு' என்றே பெயர். பழைய குடித்தனக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கும் பணம் புதியவர் கொண்டுவருவது. விலை ஏறிக்கொண்டிருக்கும்வரை இந்தச் சக்கரம் சுற்றும். 2021 ஆகஸ்ட் வரை 0.5 சதவீதமாக இருந்த மைய வங்கி வட்டி 2023 ஜனவரியில் 3.5 ஆனது. ஜொன்செ தொகை சரிந்தது. புதியவர் கொண்டுவரும் பணம் பழையவருக்குப் போதவில்லை. நேர்மையான வீட்டுக்காரர்களே திணறிய நேரத்தில், ஆரம்பத்திலிருந்தே திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லாமல் கட்டிய ஏற்பாடுகள் வெளியே வந்தன.

அந்த ஏற்பாடுகளில் மிகவும் பரவலானதற்குத் தரகர்கள் வைத்த பெயர் 'தோங்சி ஜின்ஹெங்', ஒரே சமயத்தில் நடத்துவது என்று பொருள். இடம் பெரும்பாலும் 'பில்லா'. பெயரைப் பார்த்துப் பங்களா என்று எண்ண வேண்டாம். நான்கு மாடிக்குள் அடங்கும் சிறு அடுக்குக் கட்டடங்கள். பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தில் ஒரே அளவில் நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கும், போன மாதம் பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்பது இணையத்தில் தெரியும். புதிதாகக் கட்டிய பில்லாவில் எட்டு வீடு, பத்து வீடு; அதுவரை ஒன்றுகூட விற்றிருக்காது. அதன் விலை என்ன? கட்டியவர் சொன்னதுதான் விலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டியவருக்கு ஒரு வீட்டுக்கு 20 கோடி வொன் வந்தால் போதும். விற்பனைக்குப் போட்டால் ஆள் வரவில்லை. எனவே 25 கோடிக்கு ஜொன்செ விடுகிறார். தரகர் புதிய வீடு, புதிய குளிர்சாதனப் பெட்டி, கடன் வட்டியில் கொஞ்சம் நாங்களே தருகிறோம், குடிபெயரும் செலவும் எங்களுடையது என்கிறார். குடித்தனக்காரர் 5 கோடி கையிலிருந்தும் 20 கோடி கடனாகவும் கொண்டுவந்து கட்டுகிறார். ஒப்பந்தம் கட்டியவர் பெயரில்தான். அவர் நல்ல பெயருள்ள நிறுவனமாகவும் இருக்கலாம். அதே நாளிலோ சில நாட்களிலோ வீடு வேறொருவர் பெயருக்குக் கிரயமாகிறது, விலையும் அதே 25 கோடி. வாங்கியவர் ஒரு வொன்கூடப் போடவில்லை, குடித்தனக்காரர் கட்டிய ஜொன்செதான் கிரயத் தொகை. கட்டியவர் 20 கோடியை எடுத்துக்கொள்கிறார். மிச்சம் 5 கோடியைத் தரகரும், ஆள் பிடித்தவரும், பெயர் கொடுத்தவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பெயர் கொடுத்தவர் நம் பாஷையில் பினாமி. கொரியர்கள் 'பாஜி சாஜாங்' என்கிறார்கள், பெயரளவு முதலாளி. அவரிடம் சொத்தும் இல்லை, வருமானமும் இல்லை. இரண்டு வருடம் கழித்து 25 கோடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

வீட்டின் உண்மையான விலை ஜொன்செ தொகைக்குக் கீழே இருப்பதைக் 'கங்தோங் ஜொன்செ' என்கிறார்கள். கங்தோங் என்றால் காலி டின். ஏலத்தில் விற்றாலும் தொகை தேறாது. இதற்கு அரசு உத்தரவாத நிறுவனம் எப்படிச் சம்மதித்தது என்ற கேள்விதான் எனக்கு இந்த விவகாரத்தின் மையமாகப் படுகிறது. ஜொன்செ திரும்பி வராவிட்டால் குடித்தனக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்காரரிடம் வசூலிக்கும் காப்பை 'ஹக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வீட்டு நகர்ப்புற உத்தரவாதக் கழகம் தருகிறது. 2022 வரை அரசு அறிவிக்கும் வீட்டு மதிப்பில் 150 சதவீதத்தை விலையாக எடுத்துக்கொண்டு, அந்த விலை முழுவதற்கும் உத்தரவாதம் கொடுத்தார்கள். அரசு மதிப்பு 17 கோடி என்றால் 25.5 கோடி வரை செல்லும். நம் கணக்கில் வரும் 25 கோடி ஜொன்செ அதற்குள் அடங்கிவிடுகிறது பாருங்கள். மோசடிக்காரர்கள் இந்த உச்ச வரம்பைப் பார்த்துத்தான் ஜொன்செ தொகையை நிர்ணயித்தார்கள். "அரசே உத்தரவாதம் தருகிறது, பயம் எதற்கு" என்பது தரகர் வாயில் தயாராக இருந்தது. பிறகு அரசு மதிப்பில் 140 சதவீதம், அதில் 90 சதவீதம் என்று விதியை மாற்றினார்கள். இரண்டையும் பெருக்கினால் 126. கொரியாவில் இன்று '126 விதி' என்றால் குடித்தனக்காரர் எவருக்கும் தெரியும். அதே வீட்டுக்கு இப்போது 21.4 கோடி வரைதான் காப்பு. ஹக் 2023இல் மட்டும் ஜொன்செ வகையில் கொடுத்த தொகை சுமார் 3.5 லட்சம் கோடி வொன், அது பொதுப்பணம். காப்பு எடுக்காதவர்களுக்கு அதுவும் இல்லை.

இந்தப் பினாமிகளில் ஒருவர் 2022 அக்டோபரில் இறந்துபோனார். அவர் பெயரில் 1,139 வீடுகள் இருந்தன. பத்திரிகைகள் 'பில்லா ராஜா' என்று பெயர் வைத்தன. சொத்து வரிப் பாக்கி மட்டும் சுமார் 620 கோடி வொன். காப்பு எடுத்திருந்தவர்களும் சிக்கிக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிந்தது என்று வீட்டுக்காரருக்கு அறிவித்தால்தான் ஹக் பணம் தரும். வீட்டுக்காரர் உயிரோடு இல்லை, கடன் மட்டுமே மிஞ்சிய சொத்தை ஏற்க வாரிசுகளும் முன்வரவில்லை. அறிவிப்பை யாரிடம் கொடுப்பது?

இன்ச்சான் நகரின் மிச்சுஹோல் பகுதியில் நடந்தது வேறு விதம். அங்கே கட்டடம் கட்டியவரே வீட்டுக்காரர், சுமார் 2,700 வீடுகள். வீடு ஒவ்வொன்றின் மேலும் குடித்தனக்காரர் வருவதற்கு முன்பே வங்கி அடமானம் இருந்தது. பதிவேட்டில் அது தெரியவும் செய்தது. குடித்தனக்காரர்கள் கேட்டார்கள். தரகர்கள் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார்கள்: பிரச்சினை வந்தால் நாங்கள் பொறுப்பு. அந்தத் தரகர்களில் பலர் கட்டியவரிடமே சம்பளம் வாங்கியவர்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. காகிதத்துக்கு மதிப்பே இல்லை. ஏலம் தொடங்கியதும் இன்னொரு பள்ளம் தெரிந்தது. சிறு தொகைக் குடித்தனக்காரருக்கு அடமானத்தையும் முந்திக்கொண்டு ஒரு பங்கு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எது சிறு தொகை என்பதை ஒப்பந்தத் தேதியை வைத்துத் தீர்மானிப்பதில்லை, முதல் அடமானம் பதிவான தேதியை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். 2017இல் அடமானம் வைத்த வீடு என்றால் இன்ச்சானில் வரம்பு 8 கோடி வொன். அதற்குள் இருந்தால் 2.7 கோடி கிடைக்கும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் கேட்டதற்காக 7 கோடிச் சொச்சத்திலிருந்து 9 கோடியாக ஏற்றிக் கொடுத்தவருக்கு ஒரு வொன்கூடக் கிடையாது. இளைஞர்கள் இப்படி வரம்பைத் தாண்டியது தெரியாமலே தாண்டியிருந்தார்கள். 2023 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் மிச்சுஹோலில் பாதிக்கப்பட்ட மூன்று இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன்பிறகுதான் நாடாளுமன்றம் விரைந்தது.

கட்டியவருக்குத் தண்டனை? 191 பேரிடம் 1,480 கோடி வொன் என்ற முதல் வழக்கில் 2024 பிப்ரவரியில் 15 வருடம். அப்போதைய சட்டப்படி சாதாரண மோசடிக் குற்றங்கள் பலவற்றைச் சேர்த்தாலும் அதுதான் உச்சம். பெரிய பொருளாதாரக் குற்றங்களுக்கான கடுமையான சட்டம் ஏன் பாயவில்லை என்றால், அது ஒரு பாதிக்கப்பட்டவரிடம் 50 கோடி வொன்னுக்கு மேல் பறித்திருந்தால்தான் பொருந்தும். நூற்றுக்கணக்கான ஏழைகளிடம் எட்டு எட்டு கோடியாகப் பறித்தால் பொருந்தாது. மேல்முறையீட்டில் 7 வருடமாகக் குறைந்தது, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்டவர்கள் அன்று நீதிமன்ற வாசலில் அழுததில் நியாயம் இருக்கிறது.

2023 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த சிறப்புச் சட்டம் பாதிக்கப்பட்டவர் என்று ஏற்க நான்கு நிபந்தனை வைத்தது. முகவரிப் பதிவும் தேதி முத்திரையும் இருக்க வேண்டும். தொகை வரம்புக்குள் இருக்க வேண்டும். ஒருவருக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது பாதிக்கப்படக்கூடும் என்று தெரிய வேண்டும். திருப்பிக் கொடுக்கும் எண்ணமே வீட்டுக்காரருக்கு இல்லை என்று சந்தேகிக்க ஆதாரம் வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் பலர் விழுந்தார்கள். இன்னொருவர் மனதில் இருந்த எண்ணத்துக்கு ஒரு குடித்தனக்காரர் எங்கிருந்து ஆதாரம் கொண்டுவருவார்? அப்படியும் ஏற்கப்பட்டவர்கள் எண்ணிக்கை 2025 நடுவில் 30,000ஐத் தாண்டியது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் 40 வயதுக்குக் கீழ்.

அரசியல் மோதல் வெடித்தது, பணத்தை யார் முதலில் கொடுப்பது என்பதில். அரசு முதலில் கொடுத்துவிட்டு, வீட்டை விற்றுப் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்று அப்போது எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயகக் கட்சி சொன்னது. அந்தப் பணம் வீட்டு வசதி நிதியிலிருந்து வர வேண்டும், அதுவோ சாதாரண மக்கள் வீடு ஒதுக்கீட்டுக்காகக் கட்டிவரும் சேமிப்பு, அதைத் தொடக்கூடாது என்று அரசு சொன்னது. இந்த வாதத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் அதே நேரத்தில், 2024 மே மாதம், வீட்டு வசதியைக் கவனிக்கும் துறையின் அமைச்சரே இளைஞர்கள் அனுபவம் இல்லாமல் யோசிக்காமல் ஒப்பந்தம் போட்டதும் ஒரு காரணம் என்ற பொருளில் பேசினார். கொந்தளிப்பு எழுந்தது. மே 28இல் மசோதா நிறைவேறியது. மறுநாளே அப்போதைய ஜனாதிபதி யூன் சக்-யோல் அதைத் திருப்பி அனுப்பினார். அன்றோடு அந்த நாடாளுமன்றத்தின் காலமும் முடிந்ததால் மசோதா செத்தது. ஆகஸ்டில் இரு கட்சிகளும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு வேறு: அரசு நில வீட்டுக் கழகம் ஏலத்தில் வீட்டை வாங்கும், மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்குவதால் மிச்சமாகும் பணத்தை வாடகைக்கு ஈடாக வைத்துப் பாதிக்கப்பட்டவர் அங்கேயே பத்து வருடம் வரை வாடகை இல்லாமல் இருக்கலாம். தங்க இடம் கிடைத்தது, தொலைத்த பணம் முழுதாகக் கையில் வரவில்லை. சட்டத்தின் காலம் 2027 மே 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் 2025 மே 31க்குள் முதல் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மட்டும்.

அங்கே வீடு தேடுகிறவர் பதிவேட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வேலைக்காகவும் படிப்புக்காகவும் போயிருக்கும் நம் ஆட்களும் இருக்கிறார்கள். நம் வில்லங்கச் சான்றும் பட்டாவும் சேர்ந்தது போன்ற பதிவேட்டு நகலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் 700 வொன் கட்டிப் பார்க்கலாம். மூன்று பகுதி: கட்டட விவரம், உரிமை, கடன். ஒப்பந்தத்துக்கு முன் ஒரு முறை, மீதிப் பணம் கட்டும் அன்று காலை ஒரு முறை, முகவரி பதிந்த மறுநாள் ஒரு முறை எடுக்க வேண்டும். அடமானத்துக்கு நேரே எழுதியிருப்பது கடன் தொகை அல்ல, உச்ச வரம்பு. வழக்கமாகக் கடனில் 120 சதவீதம். அதையும் ஜொன்செயையும் கூட்டினால் வீட்டு விலையில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் கணக்கு. உரிமைப் பகுதியில் 'சின்தாக்' என்ற சொல், அதாவது வீட்டை ஒரு டிரஸ்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்திருப்பது, இருந்தால் வீடு சட்டப்படி அந்த நிறுவனத்துடையது. அதன் சம்மதம் இல்லாமல் பழைய உரிமையாளரிடம் போட்ட ஒப்பந்தம் செல்லாது, குடியிருப்பவர் அத்துமீறி நுழைந்தவராகக் கருதப்படலாம்.

'தாகாகு' என்ற வகைக் கட்டடத்தில் பத்துக் குடும்பம் இருந்தாலும் உரிமையாளர் ஒருவர், பதிவேடும் ஒன்றே. முன்னால் வந்த ஒன்பது பேரின் ஜொன்செ அதில் தெரியாது. அத்தனை பேரும் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். தேதி முத்திரைகளின் பட்டியலை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். தரமாட்டேன் என்றால் அந்த வீடு வேண்டாம்.

கதவில் ஒட்டியிருக்கும் எண்ணையும் கவனியுங்கள். பில்லாக்களில் கதவில் 301 என்றும் பதிவேட்டில் 302 என்றும் இருப்பது உண்டு. கதவைப் பார்த்து 301 என்று முகவரி பதிந்தால், பதிவேட்டின்படி 302இல் குடியிருப்பவருக்கு அந்த வீட்டின் மேல் உரிமை கிடையாது. வெளிநாட்டவருக்கு வெளிநாட்டவர் பதிவும் தங்குமிட மாற்ற அறிவிப்பும் முகவரிப் பதிவுக்குச் சமம். அதிலும் எண் பதிவேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

தரகர் ஒப்பந்தத்தோடு கொடுக்கும் காப்புச் சான்றிதழில் 20 கோடி வொன் என்று அச்சிட்டிருக்கும். அது உங்கள் ஒரு ஒப்பந்தத்துக்கு அல்ல. அந்த வருடம் அந்தத் தரகர் முடித்த எல்லா ஒப்பந்தங்களிலும் பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் சேர்த்து 20 கோடி.

முதலில் சொன்ன எட்டு மணி நேரப் பள்ளத்துக்கு, மறுநாள் முடியும்வரை வீட்டின் மேல் எந்த அடமானமும் வைப்பதில்லை, வைத்தால் ஒப்பந்தம் ரத்து, தொகையும் நஷ்ட ஈடும் உடனே திரும்ப வேண்டும் என்று சிறப்பு நிபந்தனை எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் அது வீட்டுக்காரரை மட்டும் கட்டும், கடன் கொடுத்தவரைக் கட்டாது. ஏமாற்றுகிறவர் நிபந்தனையை மீறுவார், திருப்பித் தர அவரிடம் பணம் இருக்காது. உரிமை பதிவான நொடியிலேயே பிறக்கும்படி குடியிருப்புக் குத்தகைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை பழையது. 2023இன் சிறப்புச் சட்டமும் 2024இன் திருத்தமும் அதைத் தொடவில்லை.

ஒப்பந்தக் காலம் முடியப்போகிறது என்றால், முடிவதற்கு முன் ஆறு மாதத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் இடையில், புதுப்பிக்கப் போவதில்லை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குறுஞ்செய்திக்குப் பதில் வந்தால் அதுவே ஆதாரம்; பதில் இல்லையென்றால் உள்ளடக்கத்தை அஞ்சலகம் சான்றளிக்கும் பதிவுத் தபால். பேசாமல் விட்டால் ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கடைசி நாளில் பணம் வரவில்லையென்றால் வீடு இருக்கும் பகுதி நீதிமன்றத்தில், காலி செய்தாலும் வரிசையில் இடத்தைக் காக்கும் குத்தகை உரிமைப் பதிவு உத்தரவுக்கு மனு போட வேண்டும். 2023 ஜூலையிலிருந்து, வீட்டுக்காரர் கைக்கு உத்தரவு போய்ச் சேராவிட்டாலும் பதிவு நடக்கும். தலைமறைவானவர்களையும் இறந்தவர்களையும் வைத்து நடந்த இழுபறிக்குப் பிறகு வந்த மாற்றம் அது. காப்பு எடுத்தவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஹக்கிடம் கோரலாம். புது வேலை, புது ஊர் என்று அவசரப்பட்டு முகவரியை மாற்றிவிட்டு மனுவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனவர்கள் வரிசையில் தங்கள் இடத்தை அங்கேயே இழந்தார்கள். மனு போட்டது போதாது, நீதிபதி உத்தரவிட்டதும் போதாது. பதிவேட்டு நகலை மறுபடி 700 வொன் கட்டி எடுத்து, கடன் பகுதியில் தன் பெயரும் தொகையும் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வீட்டைக் காலி செய்ய வேண்டும்.